‘சர்வர் கிடைக்கவில்லை’ – ஒரு வரிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

இப்போது பல வீடுகளில் ஒரு சின்ன சர்வர் வந்துவிட்டது. பழைய கணினி ஒன்று, அதில் ஒரு ஹார்ட் டிஸ்க், ஜெல்லிஃபின், பிளெக்ஸ், கோடி போன்ற ஏதாவது ஒரு மென்பொருள். கல்யாண வீடியோ, கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டு, பேரப்பிள்ளைகளின் படம் எல்லாம் அதில் இருக்கும். கூடத்தில் உள்ள டிவி, வைஃபை வழியாக அதை எடுத்துக் காட்ட வேண்டும். பல நாள் காட்டும். ஒரு நாள் காட்டாது. ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி மட்டும் வரும்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் அணைத்துப் போடுகிறோம். அதற்கும் மசியாவிட்டால் ‘டிவி பழசு’, ‘ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறோம். என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. கம்பிக்காக யோசித்த ஒரு பழக்கத்தைக் காற்றில் செய்யச் சொல்கிறோம். அது எப்படி வந்தது என்று தெரிந்தால், எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இயற்பியல் வாத்தியாருக்கு வரலாறு சொல்லும் ஆசை எப்போதும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹவாய் தீவில் ஆரம்பம்

1971. பசிபிக் கடல் நடுவே ஹவாய். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சன். அலைச்சறுக்கு விளையாட்டில் ஆசை கொண்டவர். பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியைத் தூரத்தில் இருப்பவர்களும் பயன்படுத்த வேண்டும். நடுவில் கடலும் மலையும். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாது, செலவும் அதிகம். எனவே ரேடியோ அலையில் தகவலைச் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பும் ஒரு வலையை அவரும் அவருடைய குழுவும் உருவாக்கினார்கள். பெயர் ‘அலோஹாநெட்’. வேகம் நொடிக்கு 9,600 பிட்.

அதன் விதி மிக எளிது. சொல்ல வேண்டியது இருந்தால் உடனே சொல்லிவிடு. மையக் கணினி ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பும். பதில் வராவிட்டால், வேறு யாரோ அதே நேரத்தில் பேசி இரண்டும் மோதிவிட்டன என்று பொருள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி சொல். எவ்வளவு நேரம்? ஒவ்வொருவரும் வேறு வேறு நேரம், குலுக்கல் போல. இல்லாவிட்டால் இருவரும் மறுபடி ஒரே நேரத்தில் பேசி மறுபடி மோதுவார்கள்.

இதில் ஒரு விலை உண்டு. யாரும் யாரையும் கவனிக்காமல் பேசினால், அந்தத் தடத்தின் கொள்ளளவில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதம்தான் பயன்படும் என்பது கணக்கு. மீதியெல்லாம் மோதலிலும் மௌனத்திலும் வீணாகும். ஆசிரியர் இல்லாத வகுப்பறையை நினைத்துப் பாருங்கள்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ‘கிடைத்தது’ என்ற பதில். காற்றில் பேசுவதற்கு அதுதான் உயிர்நாடி.

காற்றிலிருந்து கம்பிக்கு

ஆப்ரம்சனின் கட்டுரையைப் படித்த இளைஞர் பாப் மெட்கால்ஃப். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தார். அந்த யோசனையைக் கம்பிக்குள் கொண்டுவந்தார். 1973 மே மாதம் அவர் எழுதிய குறிப்பில் அதற்கு ‘ஈதர்நெட்’ என்று பெயர் வைத்தார்.

ஈதர்! என் பழைய மாணவர்களுக்கு இந்தச் சொல் நினைவிருக்கும். ஒளி பரவ வெற்றிடத்திலும் ஒரு ஊடகம் வேண்டும், அதுதான் ஈதர் என்று 19-ம் நூற்றாண்டில் நம்பினார்கள். 1887-ல் மைக்கல்சனும் மார்லியும் தேடிப் பார்த்தார்கள், தென்படவில்லை. இல்லாத ஈதரின் பெயரை மெட்கால்ஃப் ஒரு கனத்த கேபிளுக்குச் சூட்டினார்.

கம்பியில் இரண்டு வசதிகள். ஒன்று, பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்கலாம்; பேசிக்கொண்டிருக்கும்போதே மோதலையும் கண்டுபிடித்து உடனே நிறுத்தலாம். இரண்டு, அந்தக் கேபிளில் ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். ஒருவருக்கு மட்டும் கேட்காமல் போவது அபூர்வம். ஆகவே ஈதர்நெட்டில் ‘கிடைத்தது’ என்ற பதிலைக் கட்டாயம் ஆக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

இந்த நம்பிக்கையின் மேல்தான் பின்னால் பல விஷயங்கள் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்று ‘மல்டிகாஸ்ட்’. ஒருவர் சொல்வதை ஒரு குழு முழுவதும் கேட்கும் முறை. இதற்கான இணைய விதியை 1989-ல் எழுதியவர் ஸ்டீவ் டீரிங். நம் டிவி கதைக்கு இது மிக முக்கியம். பிறகு வருகிறேன்.

யாருக்கும் வேண்டாத அலைவரிசை

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். ரேடார் கருவிகளில் வேலை செய்த ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், நுண்ணலையால் உணவைச் சூடாக்கலாம் என்று கண்டு 1945-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த அடுப்பு ஆள் உயரம் இருந்தது.

அதே 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாட்டில், தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கினார்கள். 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி அவற்றில் ஒன்று. அடுப்பு மாதிரியான கருவிகள் அங்கே இரைச்சல் போடலாம். அங்கே பேச வருபவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இடையில் ஒரு திருத்தம். தண்ணீர் மூலக்கூறு 2450 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு அடைவதால்தான் அந்த எண் என்று பல புத்தகங்களில் இருக்கிறது. அப்படியில்லை. தொழிற்சாலை அடுப்புகள் 915 மெகாஹெர்ட்ஸிலும் நன்றாக வேலை செய்கின்றன.

பல ஆண்டுகள் அது குப்பை அலைவரிசை என்றே கருதப்பட்டது. 1985-ல் அமெரிக்காவின் எஃப்சிசி ஆணையம் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. அதன் பொறியாளர் மைக்கேல் மார்கஸ் இதற்காக முயன்றவர். 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று பகுதிகளிலும், சிக்னலை அகலமாகப் பரப்பி அனுப்பும் கருவிகளை, 1 வாட் வரை, உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம் என்றது. யாருக்கும் வேண்டாத அந்த இடம் எல்லோருக்கும் பொதுவானது.

நடிகை ஹெடி லமார்தான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942-ல் காப்புரிமை பெற்றது உண்மை. அது எதிரி குழப்ப முடியாதபடி அலைவரிசையைத் தாவித் தாவி மாற்றி டார்பிடோவை இயக்கும் முறை. அந்தத் தாவும் யோசனை இன்றைய புளூடூத்தில் இருக்கிறது. நம் வீட்டு வைஃபை வேறு வழியில் வேலை செய்கிறது. அந்த அம்மையாரின் பெருமைக்கு இது குறைவில்லை. வரலாறு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டில்

என் வயதுக்காரர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் நினைவிருக்கும். வீட்டில் ரேடியோ கேட்கவே தபால் ஆபீசில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை வாங்க வேண்டும். எண்பதுகளில்தான் அது ஒழிந்தது. கேட்பதற்கே லைசென்ஸ் என்றால், ஒலிபரப்பும் கருவியை வீட்டில் வைப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. 1933-ம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டம் அப்படி.

2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிட்டது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் அப்படித் திறக்கப்பட்டது. இன்று உங்கள் வீட்டு ரவுட்டர் ஒரு சின்ன வானொலி நிலையம். அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. பக்கத்து வீட்டிலும் ஒன்று இருக்கிறது. மாடி வீட்டிலும் ஒன்று.

பொதுக் குழாயடியில் சண்டையும் உண்டு என்பது நமக்குத் தெரியாததா?

கல்லாப் பெட்டிக்காக வந்த வைஃபை

1985 முடிவை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒன்று என்சிஆர் நிறுவனம். கடைகளுக்குப் பில் போடும் இயந்திரம் செய்பவர்கள். கடையில் மேசையை மாற்றிப் போடும்போதெல்லாம் தரையைத் தோண்டிக் கேபிள் போடாமல் இருக்க வழி தேடினார்கள். நெதர்லாந்தில் இருந்த அவர்களுடைய பொறியாளர்கள் ‘வேவ்லேன்’ என்ற கருவியைச் செய்தார்கள். பல நிறுவனக் கருவிகளும் தங்களுக்குள் பேச ஒரு பொது விதி வேண்டும் என்று அமைந்த ஐஇஇஇ 802.11 குழுவுக்கு, 1990 முதல் பத்தாண்டு தலைமை ஏற்றவர் அங்கிருந்த விக் ஹேயஸ். 1997-ல் விதி வெளிவந்தது. வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட்.

இங்கேதான் கதை ஒரு சுற்றுச் சுற்றி ஹவாய்க்குத் திரும்புகிறது. காற்றில் பேசும் கருவியால் தான் பேசும்போது மற்றவரைக் கேட்க முடியாது. தன் சிக்னல், வந்து சேரும் சிக்னலைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பலமானது. கத்திக்கொண்டிருப்பவன் காதில் பக்கத்தில் பேசும் கிசுகிசு விழுமா? மேலும், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேசுவது எனக்குக் கேட்காமல் இருக்கலாம், நடுவில் உள்ள ரவுட்டருக்கோ இருவரும் பேசுவது கேட்கும், அங்கே மோதும். இந்த ‘மறைந்திருக்கும் முனை’ சிக்கலை 1975-லேயே டோபாகியும் கிளைன்ராக்கும் எழுதிவிட்டார்கள்.

எனவே 802.11 ஆப்ரம்சனின் ‘கிடைத்தது’ என்ற பதிலை மறுபடி கட்டாயமாக்கியது. ஒருவருக்கு அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் வர வேண்டும். வராவிட்டால் திரும்ப அனுப்பு.

ஆனால் ஒரு விதிவிலக்கு. குழுவுக்கு அனுப்பும் மல்டிகாஸ்டுக்குப் பதில் கிடையாது! இருபது பேர் ஒரே நேரத்தில் ‘கிடைத்தது’ என்றால் அதுவே மோதல் அல்லவா?

எதிரொலிச் சிக்கலும் இருந்தது. வீட்டுக்குள் அலை சுவர், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி, ஒரே செய்தி பல தடவை சற்றே தாமதமாக வரும். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் ஜான் ஓ சல்லிவனும் குழுவினரும் இதற்கு வழி கண்டு 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அவர் வானொலி வானியல்காரர். வெடிக்கும் சின்னஞ்சிறு கருந்துளைகளின் சிக்னலைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் போனவர். அந்தத் தேடலில் பழகிய கணித முறைகள் இங்கே கைகொடுத்தன. கருந்துளை கிடைக்கவில்லை, கூடத்து டிவிக்குப் படம் கிடைத்தது. அறிவியல் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது வீண் என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

1999-ல் ‘வைஃபை’ என்ற பெயர் வந்தது. ஒரு விளம்பர நிறுவனம் தேர்ந்து கொடுத்த பெயர். அதற்கு விரிவாக்கம் எதுவும் கிடையாது. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் வைஃபை பொருத்தக்கூடிய மடிக்கணினியை அறிமுகப்படுத்தியது. கம்பி எங்கும் இல்லை என்று காட்ட ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு வளையத்துக்குள் அதை நுழைத்துக் காட்டினார். வைஃபை கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது.

சர்க்குலரும் பிரேயர் அறிவிப்பும்

அதே 1999-ல் இன்னொரு முயற்சி. வீட்டில் கருவிகள் பெருகுகின்றன. ஒவ்வொன்றுக்கும் முகவரி அடித்துக் கொடுக்க வீட்டுக்காரரால் முடியாது. கருவிகளே ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும். இதற்காக மைக்ரோசாஃப்ட் முன்னின்று யுபிஎன்பி என்ற முறையைக் கொண்டுவந்தது. 2003-ல் சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு பிறகு டிஎல்என்ஏ என்று பெயர் பெற்றது. உங்கள் டிவிப் பெட்டியில் அந்த நான்கு எழுத்தைப் பார்த்திருப்பீர்கள்.

வழி இதுதான். சர்வர், 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அவ்வப்போது அறிவிக்கும். டிவியும் அதே முகவரியில் ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று கூப்பிடும். இரண்டுமே மல்டிகாஸ்ட்.

பள்ளிக்கூடத்து உதாரணம் சொல்கிறேன். தலைமையாசிரியர் ஒரு விஷயத்தைத் தெரிவிக்க இரண்டு வழி. ஒன்று சர்க்குலர் நோட்டு. உதவியாளர் வகுப்பு வகுப்பாக எடுத்து வருவார். ஒவ்வொரு ஆசிரியரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் மறுபடி வருவார். இன்னொன்று காலைப் பிரேயரில் மைக்கில் அறிவிப்பது. கையெழுத்துக் கிடையாது. அன்று தாமதமாக வந்தவருக்கோ கடைசி வரிசையில் நின்றவருக்கோ கேட்டதா என்று யாருக்கும் தெரியாது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசவும் வேண்டும்.

வைஃபையில் படம் ஓடுவது சர்க்குலர். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கையெழுத்து. சர்வரைக் கண்டுபிடிப்பது மட்டும் பிரேயர் அறிவிப்பு. அதனால்தான் ரவுட்டர் வழக்கமாக அதை மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புகிறது. தூக்க நிலையில் உள்ள கருவிகள் விழிக்கும் வரை பிடித்துவைத்து அனுப்புகிறது. தவறினால் திரும்ப அனுப்புவதில்லை.

கம்பியில் எல்லோருக்கும் கேட்கும் என்ற நம்பிக்கையில் பிறந்த அறிவிப்பு முறை, கேட்டதா என்றே தெரியாத காற்றில் வேலை செய்கிறது. ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்ற வரிக்கு உண்மையான பொருள் ‘சர்வர் இல்லை’ என்பதல்ல. ‘சர்வரின் குரல் எனக்குக் கேட்கவில்லை’ என்பதுதான்.

ஒரு மாணவரின் கதை

இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். என் பழைய மாணவர் ஒருவருக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. இன்று அவருக்கே ஐம்பது வயது நெருங்குகிறது. அவருடைய அம்மா நன்றாகக் கும்மிப் பாட்டுப் பாடுவார். பழைய கேசட்டுகளில் இருந்த அந்தக் குரலைக் கணினிக்கு மாற்றி, வீட்டுச் சர்வரில் வைத்திருந்தார். கேசட்டுகள் அதற்குள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு உறவினர்கள் வரும்போது டிவியில் போட நினைத்திருந்தார். மூன்று நாள் முன்பு டிவியில் சர்வரே வரவில்லை.

பார்க்க வந்த ஒருவர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். இன்னொருவர் டிவியை மாற்றச் சொன்னார். “சார், அம்மா குரல் போயிருச்சு போல சார்” என்று போனில் சொன்னபோது அவருடைய குரலே சரியில்லை.

“தம்பி, சமீபத்தில் வீட்டில் என்ன புதுசா மாத்தினீங்க?” என்று கேட்டேன். மாடியில் சிக்னல் வரவில்லை என்று ஒரு வாரத்துக்கு முன் இரண்டாவது ரவுட்டர் வாங்கியிருந்தார்கள். சர்வர், இணைய நிறுவனம் கொடுத்த பழைய பெட்டியில். டிவி, புது ரவுட்டரின் பெயரில். சர்வரின் முகவரி 192.168.1.10. டிவியின் முகவரி 192.168.0 என்று ஆரம்பித்தது. இரண்டும் வேறு வேறு தெரு. வீட்டு ரவுட்டர் ஒரு தெருவின் பிரேயர் அறிவிப்பை அடுத்த தெருவுக்குக் கடத்தாது.

செல்போனை அந்தப் புது ரவுட்டரில் இணைத்து, பிரவுசரில் சர்வரின் முகவரியையும் அதன் 8096 என்ற போர்ட் எண்ணையும் நேராக அடிக்கச் சொன்னேன். பாட்டுப் பட்டியல் வந்தது. ஒன்றைத் தொட்டார். போனில் எனக்கும் கேட்டது. பிறகு சிறிது நேரம் இருவருமே பேசவில்லை.

புது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ நிலைக்கு மாற்றியதும் இரண்டு தெருவும் ஒன்றானது. டிவியில் சர்வர் வந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

வரலாறு சொல்லும் வரிசை

இனி உங்கள் வீட்டில் சிக்கல் வந்தால் முதலில் நோய் எது என்று பிரியுங்கள். ‘காணவில்லை’ என்பது ஒரு நோய். ‘நின்று நின்று ஓடுகிறது’ என்பது வேறு நோய். மருந்தும் வேறு.

*காணவில்லை என்றால்:*

1. சர்வர் உயிரோடு இருக்கிறதா? முகவரியை நேராக அடித்துப் பாருங்கள். ஜெல்லிஃபினுக்கு வழக்கமான போர்ட் 8096, பிளெக்ஸுக்கு 32400. திறந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். செயலியில் முகவரியைக் கையால் கொடுக்க இடம் இருந்தால் கொடுத்துவிடுங்கள். பிரேயர் அறிவிப்பையே நம்ப வேண்டியதில்லை.

2. ஒரே தெருவா? டிவி, சர்வர் இரண்டின் முகவரியிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் இது போதும். விருந்தினர் வைஃபையில் டிவியை இணைத்திருந்தாலும் கிடைக்காது. அங்கே கருவிகள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்பதே ஏற்பாடு.

3. கரண்ட் போய் வந்த பிறகு காணவில்லையா? சர்வர் முதலில் விழித்து, ரவுட்டர் பின்னால் விழித்திருக்கும். முகவரி கொடுக்க ஆள் இல்லாமல் சர்வர் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொண்டிருக்கும். அல்லது ரவுட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கும். ரவுட்டர் முழுதாக விழித்த பின் சர்வரை மறுபடி இயக்குங்கள். சர்வருக்கு எப்போதும் ஒரே முகவரி தரும்படி ரவுட்டரில் பதிந்துவையுங்கள்.

4. சர்வரை மறுபடி இயக்கியதும் தெரிந்து, அரை மணி நேரத்தில் மறைகிறதா? இது அருமையான துப்பு. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. யுபிஎன்பி விதிப்படி வழக்கமாக 1,800 நொடி. அதற்குள் புது அறிவிப்பு வந்து சேராவிட்டால் டிவி அந்தப் பெயரை அழித்துவிடும். நடுவில் ஏதோ பெட்டி அறிவிப்பை விழுங்குகிறது. ரவுட்டர் அமைப்பில் ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ என்ற வசதி இருந்தால் அதை மாற்றி வைத்துப் பாருங்கள். யாருக்கு மல்டிகாஸ்ட் தேவை என்று ஒட்டுக்கேட்டு முடிவுசெய்யும் வசதி அது. சில பெட்டிகளில் தவறாக முடிவுசெய்கிறது.

*நின்று நின்று ஓடினால்:*

5. சர்வரும் வைஃபையில், டிவியும் வைஃபையில் என்றால், படத்தின் ஒவ்வொரு பொட்டலமும் சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு இன்னொரு தடவை என இரண்டு முறை காற்றில் போகிறது. நொடிக்கு 20 மெகாபிட் கேட்கும் வீடியோ காற்றில் 40 மெகாபிட் சுமை ஆகிறது. கையெழுத்து வாங்கும் நேரம் தனி. சர்வரை ஒரு லேன் கேபிளால் ரவுட்டரில் செருகுங்கள். சுமை பாதியாகும். நான் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

6. சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் நிற்கிறதா? 1947 மாநாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அலைவரிசையில் அடுப்பு மூத்த குடி. சாதாரண அடுப்பு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பாதி நேரம் இரைச்சல் போடும். டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது சுவரைத் தாண்டுவதில் கொஞ்சம் பலவீனம் என்பதால் ரவுட்டரையும் கூடத்துக்கு அருகில் வையுங்கள்.

7. 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இருக்க வேண்டுமென்றால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சேனல்களுக்கு இடையே தூரம் 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு வைஃபையின் அகலமோ ஏறத்தாழ 20. நடுவில் உள்ள 3, 4, 8 போன்றவற்றில் உட்கார்ந்தால் இருபக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு, நமக்கும் தொந்தரவு.

ஏழில் எதற்கும் புதுப் பொருள் வாங்கத் தேவையில்லை. ஐந்தாவதற்குக் கேபிள் மட்டும் வேண்டும்.

இது ஏன் முக்கியம்?

‘இவ்வளவு பாடு எதற்கு சார், எல்லாம்தான் ஆன்லைனில் கிடைக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள். சினிமா கிடைக்கும். மாதச் சந்தா கட்டும் வரை கிடைக்கும். ஆனால் உங்கள் ஊர்த் திருவிழாவில் எடுத்த வீடியோவையும், உங்கள் தாத்தா சொன்ன கதையையும் எந்த நிறுவனமும் பாதுகாத்துத் தரப் போவதில்லை. அதை வைத்திருக்க வேண்டியது நாம்தான். வைத்திருந்தால் மட்டும் போதாது, வீட்டில் உள்ளவர்கள் எளிதாகப் பார்க்கவும் வேண்டும். கூடத்து டிவியில் வராத படத்தை யாரும் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காததை அடுத்த தலைமுறை அழித்துவிடும். ஒரு கூடுதல் பிரதியைத் தனி டிஸ்க்கில் எடுத்து வேறு வீட்டில் வைக்கவும் மறக்காதீர்கள். அது வைஃபை சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது.

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘உங்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். மோதல், எதிரொலி, பதில் சொல்லுதல், பொதுக் குழாயில் முறை வைத்தல் – இதில் நமக்குப் புரியாதது என்ன இருக்கிறது? பெயர்கள்தான் புதியவை.

உங்கள் வீட்டில் எந்த எண் கைகொடுத்தது என்று எழுதுங்கள். ஐந்தாவதுதான் அதிகம் பேருக்கு உதவும் என்பது என் கணிப்பு.